ஒரு கையும் படாத கல்

கண்டக்குழி
24.05.2025

என் மட்டிக்குஞ்சு,

பன்னிரண்டு தரம் எடுத்தேன். நீ போனைத் தூக்கவில்லை. தூக்கினாலும் நான் அழத் தொடங்குவேன், நீ வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது. கிழிப்பதென்றாலும் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு மன்னாரை விட்டு வள்ளம் ஏறியவளின் எழுத்து. பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே போ.

அப்பாவின் ஆண்டுத் திருப்பலி திங்கட்கிழமை முடிந்தது. சுவாமி "செபஸ்தியாம்பிள்ளை" என்று பெயர் வாசித்தபோது முன்வாங்கில் நான் மட்டும் இருந்தேன். மகள் எங்கே என்று கேட்டவர்களிடம் பல்கலைக்கழகத்தில் சோதனை என்றேன். கோயில் படியில் நின்றே பொய் சொன்னேன்.

போன வருடம் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அப்பாவைத் தனியக் கடலுக்குப் போக விட்டது நீங்கள்தான்" என்றாய். அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவேயில்லை. கோபம் வந்தால் களப்பு மட்டிச் சிப்பி மாதிரி வாயை இறுக்கிக்கொள்வாய் என்றுதானே அவர் உனக்கு இந்தப் பெயரை வைத்தார். நான் அன்றைக்குப் பதில் சொல்லாதது உன்மேல் கோபத்தில் இல்லை. வேறு காரணம்.

அலுமாரியைத் துப்புரவாக்கினேன். அவருடைய சாரங்களுக்கு அடியில் பொலித்தீனில் சுற்றியபடி அந்தக் கட்டுரை கிடக்கிறது. 2018 பங்குனியில் அவர் கண்ட கல்லைப் பற்றிக் கொழும்புப் பேராசிரியர் இங்கிலிஷில் எழுதியது. அவருடைய பெயர் வருகிற இடத்தில் நீ பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தாயே, அந்தக் கோடு இருக்கிறது. விரல் வைத்து வைத்து அந்த இடம் மட்டும் கறுத்துப் போயிருக்கிறது. உனக்கு அனுப்பவா?

அம்மா

*

கண்டி
01.06.2025

அம்மா,

அனுப்ப வேண்டாம். அது அப்பாவின் இடத்திலேயே இருக்கட்டும். அதே கட்டுரையை நான் நான்கு மாதமாகத் தினமும் வாசிக்கிறேன்.

வராததற்குச் சோதனை காரணமில்லை. அந்தக் கரையைப் பார்க்க எனக்கு இன்னும் ஏலாது. அவ்வளவுதான். வேறெதுவும் இப்போது கேட்காதீர்கள்.

எங்களுக்கு ஓர் ஒப்படை தந்திருக்கிறார்கள். வான அறிவியலில் இன்னும் தீராத ஒரு வாதத்தை எடுக்க வேண்டும். அதைப் பற்றி வந்த கட்டுரைகளில் எதை எவ்வளவு நம்பலாம் என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். எழுதியவர் யார், அதை வேறு யார் சோதித்தார்கள், ஆராய்ந்த பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படிப் போனது என்றெல்லாம் தேட வேண்டும். மற்றவர்கள் செவ்வாய், வால்வெள்ளி என்று எடுத்தார்கள். நான் எங்கள் கல்லை எடுத்தேன்.

சண்டை என்னவென்று உங்களுக்கு ஒருவரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அது வானத்திலிருந்து வந்த கல் என்பதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கல்லின் வெடிப்புகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசியின் ஓடுகள் இருந்தன. கண்ணாடித் தூள் மாதிரி. அந்த ஓடுகளும் வானத்திலிருந்தே வந்தவை, அங்கேயும் உயிர் இருக்கிறது என்று பேராசிரியர் எழுதினார். பிறகு வந்த இரண்டாவது கட்டுரையை எழுதியவர்கள் அதை மறுத்தார்கள். இது பூமியின் பாசி, அதுவும் கடலில் அல்ல, உப்புக் களப்பின் தேங்கிய தண்ணீரில் வளர்கிற பாசி, கல் விழுந்த பிறகு உள்ளே போனது என்கிறார்கள்.

உள்ளதைச் சொன்னால், பேராசிரியரின் கட்டுரை பலவீனமானது. அதை ஏற்ற ஆய்விதழை நடத்துபவர் அவருடைய நண்பர். ஒன்பது நாளில் ஏற்றிருக்கிறார்கள். கட்டுரை வர முன்பே பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தாயிற்று. இரண்டாவது கட்டுரைக்காரர்கள் மூன்று ஆய்வுகூடத்தில் இரண்டு வருடம் பார்த்திருக்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. "கல்லை எடுத்த மீனவரின் வாக்குமூலம் நம்பத்தக்கதல்ல." கண்டக்குழியின் கடற்பக்கம் விழுந்த கல்லுக்குள் களப்புப் பாசி எப்படி வந்தது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. அதனால் அப்பா சொன்ன எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள். கல் விழுந்ததை அவர் கண்டது கூடப் பொய்யாம்.

எங்கள் விரிவுரையாளர் மர்ஸூக் சேர் கட்டுரையில் அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டு, "நீர் சாட்சியின்ர மகள். பாசத்தைக் கழிச்சுப்போட்டு எழுதும்" என்றார். கழித்துத்தான் எழுதுகிறேன். அதற்குத்தான் நீங்கள் வேண்டும்.

கல் விழுந்த நாளிலிருந்து பேராசிரியரின் வேன் வரும்வரை அது எங்கே இருந்தது? அப்பா அதைக் களப்புப் பக்கம் கொண்டுபோனாரா? எழுத்தில் தாருங்கள். போனில் சொன்னது ஆதாரமாகாது.

சுலக்சனா

*

கண்டக்குழி
09.06.2025

என் மட்டிக்குஞ்சு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கேட்கச் சொல்லிக் கொடுக்கிறார்களா? நல்ல படிப்புத்தான். கருவாட்டையும் அப்படிக் கேட்டு வாங்கினால் பாதி உலகத்துக்கு வயிற்றுவலி வராது.

இங்கே கச்சான் காற்று. வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் ஓடுகிறார்கள். எங்கள் ஆட்கள் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ கேட்டதை எழுதுகிறேன்.

விடியும்போது அப்பா வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். வானத்தில் நெருப்பு ஓடியதைக் கண்டார். டைனமைட் மாதிரிச் சத்தம் கேட்டது. தாழம்பற்றைக்குப் பக்கத்து மணலில் குழி இருந்தது. அதற்குள் இருந்த கல்லைச் சாரத்தால் சுற்றி எடுத்தார். அப்போதும் அது சூடு. வீட்டுக்குக் கொண்டுவந்து குசினியில் அடுப்புக்குத் தள்ளிய மூலையில் வைத்து ஓலைக் கடகத்தால் மூடினார். பிறகு கற்பிட்டிக்குப் போய்ப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொன்னார். வாத்தியார் கொழும்புக்குச் சொன்னார். நாலாம் நாள் வேன் வந்தது. அதுவரை அவர் கடகத்தைத் திறக்கவில்லை. களப்புப் பக்கம் அவர் கொண்டுபோகவில்லை. இது சத்தியம்.

இதற்குக் கீழே இரண்டு வரி எழுதி வெட்டியிருக்கிறேன். தேவையில்லாத கதை. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

*

கண்டி
17.06.2025

அன்புள்ள அம்மா,

எழுதி முடித்துவிட்டேன், இருபத்து மூன்று பக்கம்! ஆதாரப் பட்டியலில் பதினோராவது என்ன தெரியுமா? "மாக்கிறட் செபஸ்தியாம்பிள்ளை, கையெழுத்துக் கடிதம், கண்டக்குழி, 09.06.2025." பேராசிரியர்களுக்கு நடுவில் நீங்கள்.

வாதம் இதுதான். இரண்டாவது கட்டுரை மற்ற எல்லாவற்றிலும் பலமானது. ஆனால் அவர்கள் ஒருநாளும் கண்டக்குழிக்கு வந்ததில்லை, வீட்டில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் கேட்டேன். கல் குசினியை விட்டு அசையவில்லை. அப்படியென்றால் களப்புப் பாசிக்கு அவர்களிடம் விளக்கமில்லை, அப்பாவைப் பொய்யன் என்று எழுத உரிமையுமில்லை.

27ஆம் திகதி வெள்ளிக்கிழமை இதை மண்டபத்தில் வாசிக்கிறேன். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் வருகிறார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் வாசிப்பேன்.

நீங்கள் வெட்டிய வரிகளை யன்னலில் பிடித்துப் பார்த்தேன். "உப்பு" என்ற ஒரு சொல்தான் தெரிந்தது. உப்பு முடிந்துவிட்டதா? அடுத்த மாதம் வரும்போது வாங்கி வருகிறேன். ஓம், வருகிறேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அப்படிச் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். அப்பாவைத் தனியப் போகவைத்தது நீங்களில்லை. அந்த ஒரு வரிதான்.

உங்கள் மட்டி

*

கண்டக்குழி
22.06.2025

மட்டிக்குஞ்சு,

பக்கத்து வீட்டு அலீமா நாளை கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். தபாலை நம்பாமல் அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முதல் உன்னிடம் வந்து சேர வேண்டும்.

அதை வாசிக்காதே. பதினோராவதை வெட்டிவிடு.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அந்த இடத்தை வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். பிறகு அதைத் தொட எனக்குக் கை கூசியது.

கல்லை மூடிவிட்டுப் போகும்போது அப்பா சொன்னார், "மாக்கிறட், இதைத் தொடாதை. வானத்தில இருந்து விழுந்தது."

"வானத்தில இருந்து மீன் விழுந்தால் சொல்லுங்கோ, வெட்டித் தாறன்" என்றேன் நான்.

அவர் சிரித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அந்தச் சிரிப்போடுதான் போனார்.

அன்றைக்குக் கட்டா மீன் நல்ல பாடு, வலை நிறையப் பட்டிருந்தது. அறுத்து, உப்புப் போட்டு, பீப்பாவில் அடுக்கிவிட்டேன். மேலே பலகை வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும். பாரம் இல்லாவிட்டால் மீன் உப்புத் தண்ணிக்கு மேலே மிதந்து புழு வைக்கும். கண்டக்குழியில் கல்லுக்கு எங்கே போவது? தோண்டத் தோண்ட மணல்தான். நாங்கள் எல்லாரும் வைப்பது உடைந்த சீமெந்துக் கல். அது உப்பில் ஊறி உதிரும், மீனில் மண் ஒட்டும். என்னுடையது அன்று காலையில்தான் இரண்டாகப் பிளந்து போயிருந்தது.

கடகத்தைத் தூக்கினேன். கறுப்பாக, வழுவழுப்பாக, ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. சின்னக் கல், ஆனால் என்ன பாரம்! பலகையில் வைத்தேன். அதற்கென்றே செய்தது மாதிரி இருந்தது. இப்படி ஒரு கல் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை என்று சந்தோசப்பட்டேன், பிள்ளை. வெறும் கடகத்தைத் திரும்ப மூலையில் கவிழ்த்து வைத்தேன்.

பங்குனியில் களப்புத் தண்ணி கடல் தண்ணியை விட உப்பு. உப்பை மிச்சம் பிடிக்க அதைத்தான் வாளியில் கொண்டுவந்து ஊற்றுவேன். கல் மூழ்கும்வரை ஊற்றினேன். மூன்று நாள் அதற்குள்தான் கிடந்தது. அப்பா வந்து வந்து கடகத்தைப் பார்ப்பார். திறக்கமாட்டார். நற்கருணைப் பேழை மாதிரித் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போவார்.

நாலாம் நாள் வேன் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் எடுத்தேன். களப்புத் தண்ணியிலேயே அலம்பினேன். சீலையால் துடைத்து, அடுப்பங்கரையில் பிரட்டிக் காயவைத்து, கடகத்துக்குள் தள்ளினேன். அவர்கள் உள்ளே வந்தார்கள். "யாராவது தொட்டீர்களா? தண்ணீர் பட்டதா?" என்று பேராசிரியர் கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார், "நான் எடுத்தன், நான் மூடினன். வேற ஒரு கையும் படேல்லை."

நான் குசினிக் கதவோடு நின்றேன். என் கையில் உப்புத் தண்ணி காயவில்லை.

முதலில் பயம். படித்தவர்கள் முன்னால் அவரை வெட்கப்படுத்தக்கூடாது என்ற பயம். பிறகு பத்திரிகையில் படம் வந்தது, அவருக்கு அவ்வளவு சந்தோசம், சொல்ல வாய் வரவில்லை. பிறகு அந்த இரண்டாவது கட்டுரை. டிவியிலும் சொன்னார்கள். வலைகள் வைக்கிற வாடிக் கொட்டிலில் பக்கத்து வள்ளத்துச் சஜீவன் தினமும் கேட்பான், "செபஸ்தி அண்ணை, இண்டைக்கு வானத்தில என்ன பாடு?" எல்லாரும் சிரிப்பார்கள். முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு வாடிக்குப் போவதை விட்டார். மற்றவர்கள் வர முன்பு போய், மற்றவர்கள் போன பிறகு வரப் பழகினார். மூன்று வருடம். ஒவ்வொரு நாளும் சோற்றைப் போட்டுக்கொண்டு நினைப்பேன், இன்றைக்குச் சொல்வோம் என்று. சோறு முடியும். அவர் கை கழுவ எழும்புவார்.

கச்சான் காற்று எழும்பினால் இந்தக் கரையில் ஒருவரும் வள்ளம் தள்ளமாட்டார்கள். அவர் தள்ளினார். கரையில் சிரிக்க ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்றுதான் தள்ளினார். மூன்றாம் நாள் உச்சமுனைக் கரையில் உடல் ஒதுங்கியதை எடுத்துவந்தார்கள்.

நீ சவப்பெட்டியடியில் சொன்னது சரி. எவ்வளவு சரி என்று உனக்குத் தெரியாமல் சொன்னாய்.

ஒன்பதாம் திகதிக் கடிதத்தில் நான் பொய் எழுதவில்லை. அவர் திறக்கவில்லை, அவர் கொண்டுபோகவில்லை. அப்படி எழுதினால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். நீ அதைப் பேராசிரியர்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைப்பாய் என்று நினைக்கவில்லை.

அம்மா

*

கண்டி
30.06.2025

அம்மா,

உங்களோடு கதைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அலீமா மாமி செவ்வாய்க்கிழமை விடுதி வாசலில் நின்று கடிதத்தைத் தந்தார். வாசித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. கிழிக்கலாம் என்று நினைத்தேன். கிழித்தால் ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் நினைத்த மாதிரியே நானும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒப்படையை வாசிக்கவில்லை. உங்கள் இரண்டு கடிதங்களை மட்டும் வாசித்தேன். முதலில் ஒன்பதாம் திகதியினது, பிறகு இருபத்திரண்டாம் திகதியினது. பீப்பா வந்த இடத்தில் சிலர் சிரித்தார்கள். சஜீவன் அண்ணாவின் இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மர்ஸூக் சேர் எழும்பி, "தன்னைக் காப்பாத்த எழுதினது ஒண்டு, தன்னையே காட்டிக் குடுக்க எழுதினது ஒண்டு. ரெண்டும் ஒரே கைதான். எதுக்குப் பாரம் கூட எண்டு நான் சொல்லத் தேவையில்லை" என்றார். அந்த இரண்டாவது கட்டுரைக்காரர் என்னைத் தேடி வந்தார். நரைத்த மனிதர். தங்கள் கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பத் தயார் என்றார். களப்புப் பாசி எப்படி வந்தது என்று இப்போது விளங்கிவிட்டது. கல் விழுந்ததை அப்பா கண்டார் என்பதை இனி மறுக்கத் தேவையில்லை. "நம்பத்தக்கதல்ல" என்ற வரியை எடுக்கலாமாம்.

ஆனால் ஒன்று கேட்டார். வேறு ஒரு கையும் படவில்லை என்று சாட்சி உண்மை தெரியாமல் சொன்னாரா, தெரிந்துகொண்டே சொன்னாரா? தெரியாமல் சொல்லியிருந்தால் அவர் நேர்மையானவர், வரியை எடுத்துவிடலாம். தெரிந்தே சொல்லியிருந்தால் எடுக்க முடியாது.

ஒரே ஒரு வரி போதும். "என் கணவருக்கு இது தெரியாது" என்று எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். அப்பாவின் பெயர் திரும்பிவிடும். இதையாவது அவருக்குச் செய்யுங்கள்.

சுலக்சனா

*

கண்டக்குழி
06.07.2025

என் மட்டிக்குஞ்சு,

ஐந்து தாளில் அந்த வரியை எழுதினேன். கையெழுத்தும் வைத்தேன். ஐந்தும் அடுப்புக்குப் போயிற்று. உன்னிடம் ஒருதரம் பாதி உண்மை எழுதிவிட்டேன். திரும்ப எழுத மாட்டேன், அவருடைய பெயருக்காக என்றாலும்.

கண்டதை எழுதுகிறேன். நீயே நிறுத்துப் பார். அதற்குத்தானே படிக்கிறாய்.

பேராசிரியர் கேட்கும்போது கல் அப்பாவின் கையில் இருந்தது. கடகத்தைத் தூக்கி, சுத்தமான துவாயால் பிடித்து எடுத்தவர் அவர்தான். கொடுக்க முன்பு முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். உன் அப்பாவை உனக்குத் தெரியும். ஒழுங்கையில் நின்று மணத்தை வைத்தே யார் வீட்டுப் பீப்பாவில் கட்டா, யார் வீட்டில் பாரை, எத்தனையாம் நாள் உப்பு என்று சொல்லுகிற மனிதர். நான் அடுப்பில் காயவைத்தால் மட்டும் மூன்று நாள் உப்பு மணம் போய்விடுமா?

ஒரு கணம் நின்றார். ஒரு மூச்சு அளவுதான். பிறகு தலையைத் திருப்பிக் குசினிக் கதவைப் பார்த்தார். நான் கையைச் சீலைக்குள் ஒளித்தேன். அவர் திரும்பிப் பேராசிரியரைப் பார்த்து, "வேற ஒரு கையும் படேல்லை" என்றார்.

அந்த வீட்டில் எப்போதும் கருவாட்டு மணம்தான். கல்லில் தனியாக ஒன்றும் தெரியாமலும் இருந்திருக்கலாம். நான் கூப்பிடாமலே வந்து நிற்கிறேனே என்று பார்த்திருக்கலாம். ஏழு வருடமாக நானே எனக்கு இப்படிச் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. இதை நான் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை. அந்த இரண்டாவது கட்டுரை வந்து ஒரு மாதம் இருக்கும். கடைசிப் பிடி சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பாராமல், சோற்றுக் கோப்பையைப் பார்த்துக் கேட்டார்.

"மாக்கிறட், களப்புப் பாசி எப்பிடி அதுக்குள்ள போயிருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? படிச்ச ஆக்களைக் கேளுங்கோ" என்றேன்.

"ஓம்" என்றார். கை கழுவப் போனார். பிறகு சாகும்வரை அதைக் கேட்கவேயில்லை.

தெரிந்துகொண்டே எனக்காகப் பொய்யன் பெயரைச் சுமந்தாரென்றால், அந்த வரி அங்கேயே இருக்கும். தெரியாமலே போனாரென்றால், தன் வாய்ச்சொல்லைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு அந்தக் காற்றில் வள்ளம் தள்ளினார். நான் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

நீ அவருடைய மகள். அவர் மாதிரியே வாயை மூடிக்கொள்கிறவள். நீ சொல்லு, மட்டிக்குஞ்சு, அந்தச் சோற்றை வைத்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்டது தெரியாமலா, நானாகச் சொல்லட்டும் என்றா?